தோடம்பழம் இல்லாத தோடம்பழச் சோடா

சில மாதங்களுக்கு முன்னர் அலுவலொன்றின் நிமித்தம் கோமாரியிலிருந்து கல்முனைக்குச் சென்றிருந்தேன். எங்கள் கரையோர வீதியில் பயணம் செய்தவர்களுக்கு அதன் அமைப்புத் தெரிந்திருக்கும். திருக்கோவில், தம்பிலுவில் கடந்தால் அக்கரைப்பற்று. அட்டாளைச்சேனை, நிந்தவூர் கடந்தால் காரைதீவு. பிறகு சாய்ந்தமருது, கல்முனை. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் மாறி மாறிக் கேட்கும் பாதை அது.

வெயில் கொளுத்திய நண்பகல். கடைத்தெருவில் நான் வழமையாக ஒதுங்கும் சிறிய கடையொன்றில் நின்றிருந்தேன். பாடசாலை விட்டு வந்த சிறுவன் ஒருவன் ஃபன்டா கேட்டான்.

"அது இப்ப நாங்க எடுக்கிறல்ல மகன். இந்தா, இதக் குடி" என்று வேறொரு போத்தலை எடுத்து நீட்டினார் கடைக்காரர். அதே செம்மஞ்சள் நிறம். அதே அளவு. சிறுவன் முகம் சுளிக்கவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே போய்விட்டான்.

பின்னர் என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க பேப்பர்ல எழுதுற ஆள். கோலா யாருடயதெண்டு எல்லாருக்கும் தெரியும். இந்த ஃபன்டாவும் அவங்கடதானா? இல்லாட்டி நான் சும்மா நட்டப்படுறனா?"

"அவர்களுடையதுதான் காக்கா" என்றேன். "ஆனால் அதன் கதை கொஞ்சம் நீளம்." அந்த நீளமான கதையை அவருக்குச் சொல்ல அன்று நேரமிருக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஃபன்டா பிறந்த இடம் ஹிட்லரின் ஜேர்மனி. அமெரிக்கக் கம்பனியான கொக்கா கோலா 1929ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் கால் பதித்துவிட்டது. முப்பதுகளில் அங்கு அதன் விற்பனை வேகமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் கடல் வழிகள் அடைபட்டன. 1940 அளவில் கொக்கா கோலாவுக்கான மூலக் கலவை அமெரிக்காவிலிருந்து வருவது நின்றது. ஆலைகள் இருந்தன; போத்தல்கள் இருந்தன; தொழிலாளரும் லொறிகளும் இருந்தனர். உள்ளே ஊற்றுவதற்குத்தான் எதுவும் இருக்கவில்லை.

ஜேர்மன் கிளையின் தலைவராக இருந்த மக்ஸ் கைத் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு பானத்தைத் தயாரிக்கப் பணித்தார். பாற்கட்டி தயாரிக்கையில் எஞ்சும் மோர்த் தெளிவும், அப்பிள் பிழிந்த பின்னர் மிஞ்சும் சக்கையும் அதன் முக்கிய சேர்மானங்கள். அதாவது, எச்சங்களின் எச்சம். பெயர் சூட்டும் கூட்டத்தில் உங்கள் கற்பனையை ஓடவிடுங்கள் என்று கைத் சொன்னதாகவும், கற்பனை என்பதற்கான ஜேர்மன் சொல்லான 'ஃபன்டசி'யின் முன்பாதியை விற்பனையாளர் ஒருவர் உடனே எடுத்துச் சொன்னதாகவும் கூறுவர். அப்படிப் பிறந்ததே ஃபன்டா. 1943இல் அது ஏறத்தாழ 30 இலட்சம் பெட்டிகள் விற்றது. எல்லாமே தாகத்துக்காக வாங்கப்பட்டவை அல்ல. சீனி பங்கீட்டில் இருந்த காலமாகையால் இல்லத்தரசிகள் சூப்புக்கும் சமையலுக்கும் இனிப்பூட்ட அதை ஊற்றினார்கள்.

இந்த இடத்தில் நம்மவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்கலாம். பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் தடுக்கப்பட்டபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சில துளி எண்ணெயும் வைத்து விளக்கேற்றிப் படித்த தலைமுறை இன்று உலகெங்கும் பரவி வாழ்கின்றது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். இல்லாமை மனிதனைக் கண்டுபிடிக்க வைக்கும் என்பதற்கு ஃபன்டாவும் ஒரு சாட்சி.

ஆனால் ஜாம் போத்தல் விளக்குக்கும் ஃபன்டாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைத்து எழுதினால் இக்கதை வெறும் சுவாரசியமாக முடிந்துவிடும். அதே போரின் மறுபக்கத்தில், சீருடை அணிந்த ஒவ்வொரு அமெரிக்கனுக்கும் அவன் எங்கிருந்தாலும் 5 சதத்துக்கு ஒரு போத்தல் கிடைக்க வேண்டுமென 1941இல் கொக்கா கோலாவின் தலைவர் ரொபேர்ட் வூட்ரஃப் பணித்திருந்தார். படைகளைத் தொடர்ந்து போர்க்களங்களுக்கு அருகில் 64 போத்தல் ஆலைகள் சென்றன. ஒரு பதுங்குகுழியில் கோலா. எதிர்த் திசையில் ஃபன்டா. மக்ஸ் கைத் நாஸிக் கட்சியில் சேரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் காப்பாற்ற நினைத்தது தன் கம்பனியை. போர் முடிந்ததும் ஆலைகளைத் தாய்க் கம்பனியிடமே ஒப்படைத்தார். இதில் வில்லனைத் தேடுவது வீண். போத்தலுக்குக் கொடி கிடையாது என்பதே நாம் அறிய வேண்டியது. 2015இல் ஃபன்டாவின் 75ஆம் ஆண்டுக்கென ஜேர்மனியில் வெளியிட்ட விளம்பரம் 'பழைய நல்ல காலம்' பற்றிப் பேசியது. எந்தக் காலம் நல்ல காலம் என்று மக்கள் கேட்டதும் கம்பனி அந்த விளம்பரத்தை விலக்கிக்கொண்டது.

சரி, தோடம்பழம் எப்போது வந்தது? (தமிழகத்து வாசகர்கள் ஆரஞ்சு என்று வாசித்துக்கொள்ளவும்.) போருக்குப் பின்னர் பழைய ஃபன்டா கைவிடப்பட்டது. 1955இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், அப்பகுதியில் விளையும் பழங்களைக் கொண்டு தயாரித்த புதிய பானத்துக்குப் பழைய பெயரை மீண்டும் சூட்டினார்கள். இன்று உலகம் அறிந்த ஃபன்டா இதுதான். எனவே, பெயர் முந்தியது; பழம் பிந்தியது.

அந்தப் பழமும் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. இத்தாலியில் தோடம்பழப் பெயரில் விற்கும் பானத்தில் குறைந்தது 12 வீதம் சாறு இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. 2018இல் அது 20 வீதமாக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் விற்கும் ஃபன்டாவிலோ சாறே கிடையாது. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, விளம்பரத்தில் சிரிக்கும் இளைஞர் கூட்டமும் ஒன்று. உள்ளே இருப்பது மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. எதனால்? இத்தாலியருக்குத் தோட்டங்கள் இருந்தன. தோட்டக்காரனுக்காகப் பேசும் சட்டமும் இருந்தது. கம்பனி தானாக முன்வந்து பழம் பிழிவதில்லை; பிழியச் சொன்னால் பிழிகிறது.

இனி, காக்காவின் கேள்வியின் மறுபாதிக்கு வருவோம். நட்டப்படுவதில் பயன் உண்டா?

காஸாவில் 2023 ஒக்டோபருக்குப் பின்னர் நடந்தவற்றைக் கண்டு உலகெங்கும் பலர், குறிப்பாக முஸ்லிம்கள், சில அமெரிக்கப் பொருட்களைத் தவிர்த்தார்கள். துருக்கியின் பாராளுமன்றம் அவ்வாண்டு நவம்பரில் தன் உணவகங்களிலிருந்து கொக்கா கோலாவை அகற்றியது. எகிப்தில் 1920இல் தொடங்கிய ஸ்பிரோ ஸ்பாதிஸ் என்ற பழைய சோடாவுக்கு மீண்டும் வாழ்வு வந்தது. பங்களாதேஷில் 2024 ஜூனில் கொக்கா கோலா வெளியிட்ட தன்னிலை விளக்க விளம்பரமே அதற்கு எதிராகத் திரும்பியது. இஸ்ரேலில் அப்பானத்தை விற்கும் உரிமம் பெற்ற கம்பனி, ஆக்கிரமிக்கப்பட்ட கிழக்கு ஜெரூசலத்தின் அட்டாரோட் வலயத்தில் இயங்குவதைப் புறக்கணிப்போர் ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள். மறுபுறத்தில், பலஸ்தீனியர் நடத்தும் கொக்கா கோலா ஆலைகளும் உண்டு என்பதும், 2016இல் காஸாவிலேயே ஒன்று திறக்கப்பட்டது என்பதும் உண்மை. கணக்கு இலகுவானதல்ல.

இது முதல் புறக்கணிப்பும் அல்ல. இஸ்ரேலில் போத்தல் உரிமம் வழங்கியமைக்காக அரபு லீக் 1968 முதல் 1991 வரை கொக்கா கோலாவைத் தள்ளி வைத்திருந்தது. அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் அரபு மக்கள் சோடா குடிப்பதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. பெப்சி குடித்தார்கள், அந்தக் கம்பனியின் தோடம்பழப் பானமான மிரின்டாவைக் குடித்தார்கள். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் எங்கள் கரையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பெண்களும் ஆண்களும் விடுமுறையில் வந்து சொன்ன சோடாக் கதைகளில் ஃபன்டா இல்லாமல் மிரின்டா இருந்ததன் அரசியல் காரணம் இதுதான். ஓர் அமெரிக்கக் கம்பனியின் இடத்தை இன்னோர் அமெரிக்கக் கம்பனி நிரப்பியது. அவ்வளவே!

இந்தியாவில் வேறு விதமாக நடந்தது. 1977இல் ஜனதா அரசின் காலத்தில், அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு இணங்கிப் பங்குகளைக் கைமாற்ற விரும்பாத கொக்கா கோலா நாட்டைவிட்டு வெளியேறியது. (அதே ஆண்டில்தான் ஜே.ஆர். ஜயவர்தன இலங்கையின் கதவுகளை அகலத் திறந்துவிட்டார் என்பது வரலாற்றின் குறும்பு.) இந்தியாவில் உண்டான வெற்றிடத்தில் பார்லே கம்பனி கொடிகட்டிப் பறந்தது. தோடம்பழத்துக்குக் கோல்ட் ஸ்பொட், எலுமிச்சைக்கு லிம்கா, கோலாவுக்குத் தம்ஸ் அப். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1993இல் கொக்கா கோலா திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பார்லேயின் இந்தப் பெயர்களை விலை பேசி வாங்கியது. தம்ஸ் அப்பும் லிம்காவும் தப்பின. கோல்ட் ஸ்பொட் தப்பவில்லை. ஃபன்டாவுக்கு இடம் விட்டு அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. தமிழகத்தில் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களிடம் இன்றும் கோல்ட் ஸ்பொட் என்று சொல்லிப் பாருங்கள்; அவர்கள் முகம் மாறும்.

இந்த இரண்டு அனுபவங்களும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன. ஒன்றை வாங்காமல் விடுவது பாதி வேலை. அதன் இடத்தில் எதை வைக்கிறோம், அதை எத்தனை காலம் காப்பாற்றுகிறோம் என்பது மறுபாதி.

அன்று அந்தச் சிறுவனுக்குக் கொடுத்த போத்தலில் ஒன்றை நானும் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றியிருந்த தாளை வாசித்தேன். நீர், சீனி, அமிலம், பதப்படுத்தி, செயற்கை மணம், செயற்கை நிறம். பழம் என்ற சொல் படத்தில் மட்டுமே இருந்தது. யாரைத் தண்டிக்க எண்ணினோமோ அவர்களுடைய செய்முறையை அப்படியே நகலெடுத்து, அதைச் சுதேசி என்று நம் பிள்ளைகளுக்குப் பருக்குகிறோம்.

இந்தச் சேர்மானங்களிலும் ஒரு வரலாறு உண்டு. தோடை, எலுமிச்சைத் தோல்களின் எண்ணெய் நீரைவிட இலேசானது; போத்தலின் கழுத்தில் மிதந்து வளையமாக நிற்கும். அதைக் கீழே இழுத்துச் சீராகப் பரப்பி, சாறு போன்ற கலங்கலைத் தருவதற்குப் புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயைப் பல காலம் கலந்தார்கள். இந்தியா 1990இல் அதைத் தடை செய்தது. அமெரிக்கா தடை செய்தது 2024இல்! வல்லரசு என்றால் நுகர்வோரை முதலில் காப்பாற்றும் என்று எண்ணுவோர் இந்த முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

சீனியின் கதை இன்னும் நெருக்கமானது. 2016 ஓகஸ்டில் இலங்கை அரசு மென்பானப் போத்தல்களில் நிறக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அப்படிப்பட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். அதாவது சுமார் பதினொரு தேக்கரண்டி. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என வரியும் விதித்தார்கள். ஓராண்டு கழிந்ததும் அதைத் தளர்த்தினார்கள். எங்கள் ஊர்களில் நீரிழிவால் காலை இழந்தவர் இல்லாத தெரு எது? திருமண வீட்டிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் வலீமா விருந்திலும் வாசலிலேயே செம்மஞ்சள் போத்தலொன்றைக் கையில் திணித்து வரவேற்கும் பண்பாட்டில் நாம் மூவினத்தாரும் ஒன்றுபட்டுவிட்டோம். மற்ற விடயங்களிலும் இப்படி ஒன்றுபட்டிருக்கக் கூடாதா?

உள்ளூர்ப் பெயர்கள் நமக்கு இல்லாமலும் இல்லை. 1866இல் கொழும்பில் தொடங்கிய பனிக்கட்டிக் கம்பனியைத் தன் தொடக்கமாகக் கொண்ட சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ், எலிபன்ட் ஹவுஸ் என்ற யானைச் சின்னத்தில் ஒரேஞ் பார்லியும் லெமனேட்டும் இஞ்சிச் சோடாவும் தந்து தலைமுறைகளை வளர்த்தது. எனக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் அப்பா அக்கரைப்பற்றிலிருந்து வாங்கி வரும் ஒரேஞ் பார்லிதான் மருந்தைவிட முன்னதாக என்னை எழுப்பி உட்கார வைத்தது. அதற்கு முந்திய தலைமுறையில் போளை அடைத்த சோடாப் போத்தல்கள் இருந்தன. ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற போத்தல் அது. விரலால் போளையை அழுத்தித் திறந்து, தேசிக்காய் பிழிந்து உப்பிட்டுக் குடித்ததை எங்கள் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்.

இனி நான் எழுதப் போவது சிலருக்குக் கசக்கலாம். புறக்கணிப்பு என்னும் ஆயுதத்தை நாம் கிழக்கில் நன்றாகவே அறிவோம். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து எங்கள் கரையில் இனப் பகை மூண்ட காலங்களில், தமிழர் முஸ்லிம் கடைக்குப் போகக் கூடாது, முஸ்லிம் தமிழர் சந்தைக்குப் போகக் கூடாது என்று சொல்லப்பட்ட நாட்கள் உண்டு. மீன் ஒரு பக்கம் நாறியது; அரிசி மறுபக்கம் புழுத்தது. இரு தரப்பிலும் பட்டினி கிடந்தவர்கள் ஏழைகளே. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பிரசாரம் நடந்ததையும் கண்டோம். குண்டு வைத்தவனை அறியாத புடைவைக் கடைக்காரன் அதற்கு விலை கொடுத்தான்.

ஆகவே, புறக்கணிப்பு என்றதும் கைதட்ட என்னால் முடியாது, கண்டிக்கவும் முடியாது. கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: நீ தவிர்ப்பது ஒரு செயலையா, ஒரு பிறப்பையா? ஒரு கம்பனி என்ன செய்கிறது என்று பார்த்து, அதை மாற்றினால் மீண்டும் வாங்குவேன் என்று சொல்பவன் குடிமகன். ஒருவன் யார் வயிற்றில் பிறந்தான் என்று பார்த்து அவன் கடைப் படியை மிதிக்க மறுப்பவன் வேறு ரகம். கம்பனி தன் ஒப்பந்தத்தை மாற்றலாம். மனிதன் தன் தாயை மாற்ற முடியாது. கல்முனைக் காக்கா செய்வது முதல் வகை. அதற்காக அவர் சில நூறு ரூபாய் இலாபத்தை இழக்கிறார். அதை மதிக்கிறேன்.

ஆனால் அந்த மதிப்பு நிலைக்க வேண்டுமானால் மறுபாதி வேலையும் நடக்க வேண்டும். இறக்காமத்துக்கும் பொத்துவிலுக்கும் இடையில் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேசிக்காய் காய்த்துக் குவியும் காலத்தில் பறிகூலிக்கும் கட்டாத விலை, காய்க்காத காலத்தில் கண்ணால் காண முடியாத விலை. காய் மலியும் பருவத்தில் பிழிந்து பதப்படுத்தி வைக்க ஒரு கூட்டுறவு ஆலை இந்தக் கரையில் இயங்குமானால், அதில் தமிழரின் காயும் முஸ்லிமின் காயும் ஒரே தொட்டியில் விழும். இதற்கு ஜேர்மன் மூளை தேவையில்லை. கிடைத்ததைக் கொண்டு செய்வோம் என்று மக்ஸ் கைத் எடுத்த முடிவு போதும். அவரிடம் இல்லாத பழம் நம்மிடம் இருக்கிறது. பழத்தின் பெயரில் விற்பதில் பழம் இருக்க வேண்டும் என்று இத்தாலியைப் போல ஒரு சட்டம் கேட்க, நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எந்த இனத் தடையும் இல்லை.

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் கோமாரியை வாரிச் சென்றது. மேட்டில் ஒதுங்கிக் கிடந்த எங்களிடம் முதலில் வந்து சேர்ந்தது எந்த நிறுவனமும் அல்ல. உழவு இயந்திரப் பெட்டியில் பாணும் சோடாவும் ஏற்றிக்கொண்டு வந்த சில முஸ்லிம் இளைஞர்கள். கிணறுகளெல்லாம் உப்பாகிப் போயிருந்தன. பெயர்த்தாள் உரிந்த போத்தல் ஒன்றை வாயால் கடித்துத் திறந்து என் அருகிலிருந்த மூதாட்டிக்குக் குடிக்கக் கொடுத்தான் ஒருவன். தோடம்பழச் சோடா. அது எந்தக் கம்பனியின் சோடா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கொடுத்தவன் யார் என்றும் அந்த மூதாட்டி கேட்கவில்லை.

அடுத்த முறை கல்முனைக்குப் போகும்போது இதை அச்செடுத்துக் காக்காவிடம் கொடுப்பேன். ஃபன்டாவை எடுக்காதது உங்கள் விருப்பம். அந்த இடத்தில் ஒரு கூடை தேசிக்காயும் ஒரு பானைத் தண்ணீரும் வையுங்கள் என்று கேட்பேன். முதல் கோப்பை நான் குடிக்கிறேன். சீனி மட்டும் கொஞ்சம் குறைவாக!